மொட்டை மாடி லேப்: நீமோ கடைசியில வரட்டும்!



செகண்ட் இயர் விலங்கியல் படிக்கிற ஒரு தம்பி நம்மகிட்ட கேட்ட கேள்விதான் இந்த வார மேட்டர்.

‘‘அண்ணே, நீமோ மீன் ஒரு தடவைக்கு 300 முட்டை போடுமாம். மாசத்துக்கு ரெண்டு தடவை போடுமாம். அப்ப 600 குஞ்சு. ஒண்ணு நூறு ரூபாய்னு வித்தாக்கூட மாசம் 60 ஆயிரம். ஒரு ஜோடி மீனும் ஒரு கண்ணாடித் தொட்டியும் வாங்கினா போதும்தானே?’’

பெருக்கல் கரெக்ட் தம்பி. 2012-ல ஈமு கோழியில கையைச் சுட்டுக்கிட்டவங்களும் இப்படித்தான் அழகா பெருக்கிப் பார்த்தாங்க. உங்க கணக்குல ஒரே ஒரு வரி விட்டுப்போச்சு. அந்த 300 குஞ்சும் பொறந்த முதல் நாள் காலையில என்ன சாப்பிடும்?

இதுக்குப் பதில் தெரிஞ்சா கடல் மீன் வளர்க்கலாம். தெரியாட்டி சாகடிக்கத்தான் முடியும். எனக்கு எப்படித் தெரியும்னு கேக்குறீங்களா? என் முதல் பேட்ச் நாலே நாள்ல காலி. அந்தச் சோகக் கதைக்கு அப்புறமா வர்றேன்.

கொளத்தூர் வேற, கடல் வேற

சென்னை கொளத்தூர் பக்கம் போனா தெருவுக்குத் தெரு வண்ண மீன்தான். கோல்டு ஃபிஷ், ஃபைட்டர், மோலி, கப்பி எல்லாத்தையும் தொட்டி கட்டி வளர்த்து விற்கிறாங்க. நல்ல தண்ணி மீன்களில் பெரும்பாலானவை இப்படிப் பண்ணையில் பிறந்தவைதான். கப்பி குஞ்சு பிறந்த அன்னிக்கே தூள் தீனியைக் கொத்தித் தின்னும். அவ்வளவு சமத்து.

கடல் வண்ண மீன்களின் கதை தலைகீழ். அதில் பெரும்பாலானவை இன்றைக்கும் பவளப்பாறைகளில் பிடிக்கப்பட்டு வருகின்றன. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா பக்கம் சயனைடு கரைசலைப் பாறை இடுக்கில் பீய்ச்சி, மீனை மயக்கிப் பிடிக்கிற கொடுமையும் நடந்திருக்கிறது. மயங்கிய மீன் சில நேரம் பிழைக்கும். அந்த இடத்துப் பவளம் பிழைக்காது.

வீட்டில் பிறக்கிற ஒரு கடல் மீன், கடலில் இருந்து எடுக்கத் தேவையில்லாமல் போகிற ஒரு மீன். இந்த ஹாபியில் காசுக்கு மேலே ஏதாவது இருக்குன்னா, அது இதுதான்.

இதில் நமக்குக் கை கொடுக்கிற முதல் ஆள், கோமாளி மீன். அதாங்க, 2003-ல வந்த ‘ஃபைண்டிங் நீமோ’ ஹீரோ. 1970-களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவில் மார்ட்டின் மோ என்பவர் இதை வியாபார அளவில் இனப்பெருக்கம் செய்து காட்டிவிட்டார். நம்ம ஊரிலும் மண்டபத்தில் இருக்கிற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் பல வகைக் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள். அந்த நிலையம் ஆரம்பமானது 1947-ல. மன்னார் வளைகுடாவில் ‘செபே’ என்ற கோமாளி மீன் இயற்கையாவே இருக்கு. நமக்கு ஒண்ணும் அந்நிய விஷயம் இல்லை.

எல்லாக் கடல் மீனும் இப்படி மசியாது. நீமோவோட ஃப்ரெண்டு டோரி இருக்கே, அந்த நீல மீனைத் தொட்டியில் பிறக்க வைத்து வளர்க்க 2016 வரைக்கும் ஆச்சு. அதுவும் ஃப்ளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மண்டையை உடைச்சுக்கிட்ட பிறகு!

படத்துல சொல்லாத சங்கதி

கோமாளி மீன்ல ஆண், பெண் ஜோடி தேடி அலைய வேண்டாம். குட்டியில் எதுவும் பெண் கிடையாது. ரெண்டு குட்டி மீனை ஒண்ணா விட்டால் எது பெரிசாகி ரவுடித்தனம் பண்ணுதோ அது பெண்ணாகும். அடங்கிப் போறது ஆண். பெண் செத்துப்போனால் அந்த ஆண் பெண்ணாக மாறிவிடும். நிஜமான கடலாக இருந்திருந்தால், அம்மா இறந்ததும் நீமோவோட அப்பா அம்மாவாகியிருப்பார். டைரக்டர் இந்த ரிஸ்க்கை எடுக்கலை!

ஜோடியில் வேலை எல்லாம் அப்பாவுக்குத்தான். முட்டைக்கு விசிறி விடுறது, கெட்டுப்போன முட்டையைப் பொறுக்குறது, காவல் காக்கிறது எல்லாமே அவர் டூட்டி.

சரி, மேட்டருக்கு வருவோம். எல்லாரும் முதல்ல மீன் வாங்குறாங்க, கடைசியில தீனி தேடுறாங்க. நீங்க அப்படியே திருப்பிப் போடுங்க. தண்ணி, பாசி, ரோட்டிஃபர், அப்புறம்தான் மீன்.

1. தண்ணி

நம்ம தொடருக்குப் பேருதான் மொட்டை மாடி. இந்த வாரம் மட்டும் கீழே இறங்கிடுங்க. 26-லிருந்து 28 டிகிரிதான் இந்த மீனுக்குச் சுகம். மே மாச மாடியில் மீன் குழம்புதான் மிஞ்சும்.

சமையல் உப்பைக் கரைச்சா கடல் தண்ணி ஆகாது. மீன் கடையில் கிடைக்கிற செயற்கைக் கடல் உப்பை ஆர்.ஓ. தண்ணியில் கரைக்கணும். லிட்டருக்கு சுமார் 35 கிராம், அதாவது 100 லிட்டருக்கு மூணரை கிலோ. ஒப்படர்த்தி 1.025 காட்டினால் ஓகே. கடலோரத்து ஆட்கள் கடல் தண்ணியே எடுக்கலாம். ஆனா ஆத்து முகத்துவாரம், சாக்கடை கலக்கிற இடம், மழை பெய்த மறுநாள் மூணும் வேண்டாம்.

தொட்டியில் தண்ணி குறைஞ்சா உப்புத் தண்ணி ஊத்தாதீங்க. ஆவியாகிப் போறது தண்ணி மட்டும்தான், உப்பு உள்ளேயே இருக்கும். நல்ல தண்ணிதான் ஊத்தணும்.

தொட்டி ரெடியானதும் ஸ்பாஞ்ச் ஃபில்டரை ஓடவிட்டு ஒரு துண்டு இறாலைப் போட்டு வைங்க. அது அழுகி அமோனியா வரும். அதைத் தின்கிற பாக்டீரியா வளரும். அமோனியா நைட்ரைட்டாகி, நைட்ரைட் நைட்ரேட்டாக மாற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். டெஸ்ட் கிட்டில் அமோனியாவும் நைட்ரைட்டும் ஜீரோ காட்டுகிற வரை மீன் கிடையாது.

அழகுக்குன்னு கடலோரத்துல பவளத் துண்டு பொறுக்காதீங்க. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பவளம் பாதுகாக்கப்பட்டது. டூர் போன இடத்தில் கேஸ் வாங்கிட்டு வரவேண்டாம்.

2. பச்சைத் தண்ணி

தொட்டி பழகுகிற அந்த ஆறு வாரம் சும்மா இருக்கப் போறதில்லை. ரெண்டு லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டில் நாலு, ஒரு ட்யூப் லைட், ஒரு ஏர் பம்ப் எடுத்துக்கங்க. ‘நானோகுளோராப்சிஸ்’ என்கிற நுண்பாசியை இதில் வளர்க்கணும். கடல் ஆராய்ச்சி நிலையங்களிலும் மீன்வளக் கல்லூரிகளிலும் தாய்க் கல்ச்சர் இருக்கும். உங்க பேராசிரியர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டுப் போய்ப் பணிவாக் கேளுங்க. பாசிக்கு என்ன சத்துக் கலவை, எவ்வளவுன்னும் அங்கேயே கேட்டுக்கங்க.

வெளிர் பச்சையா ஊத்தினது கொஞ்ச நாள்ல கரும்பச்சை ஆகும். அதில் கால்வாசியைப் புது பாட்டிலுக்கு மாத்துங்க. தோசை மாவுக்குப் பழைய மாவு கொஞ்சம் எடுத்து வைக்கிற அதே டெக்னிக்.

3. ரோட்டிஃபர்

கோமாளிக் குஞ்சு பொரிக்கும்போது 3, 4 மில்லிமீட்டர்தான் இருக்கும். அதோட வாய் எவ்வளவு இருக்கும்னு நீங்களே நினைச்சுப் பாருங்க. தூள் தீனி எல்லாம் அதுக்குப் பாறாங்கல். அசையுற தீனியாவும் இருக்கணும், இல்லாட்டி திரும்பியே பார்க்காது. அதுக்குக் கிடைச்ச வரம்தான் ரோட்டிஃபர். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கிலிருந்து மூணு பங்கு வரைக்கும் இருக்கிற நுண்ணுயிர். பாசியைத் தின்னும், மடமடன்னு பெருகும்.

இப்ப ஒரு கணக்கு. குஞ்சுத் தொட்டியில் 20 லிட்டர் தண்ணி. ஒரு மில்லிக்கு 10 ரோட்டிஃபர் வேணும். ஆக மொத்தம் 2 லட்சம்! பயப்படாதீங்க. ஒரு 20 லிட்டர் பக்கெட்டில் மில்லிக்கு 100 ரோட்டிஃபர் வந்துட்டா கையில 20 லட்சம். தினமும் கால்வாசியை எடுத்தாலும் 5 லட்சம். எடுத்த அளவுக்குப் பச்சைத் தண்ணி ஊத்தினா மறுபடி பெருகும்.

எப்பவும் ரெண்டு பக்கெட் வைங்க. ஒண்ணு திடீர்னு படுத்துடும். காரணமே சொல்லாது.

பாசி பாட்டிலுக்கு ஒரு மக்கு, ரோட்டிஃபர் பக்கெட்டுக்கு வேற மக்கு. ரெண்டும் தெரியாமக்கூடத் தொட்டுக்கக் கூடாது. ஏன்னு கீழே சொல்றேன்.

4. இப்ப மீன்!

ரோட்டிஃபரை ஒரு மாசம் சாகாம ஓட்டிட்டீங்களா? வாழ்த்துகள். இப்ப போய் ஜோடி வாங்குங்க. வாங்கும்போது தொட்டியில் பிறந்த மீனான்னு கேட்டு வாங்குங்க. கடல் சாமந்தி எல்லாம் அவசியம் இல்லை. ஒரு மண் பூந்தொட்டியைச் சாய்ச்சு வைங்க, அதான் பிரசவ வார்டு. இறால், கணவாய் சதையைப் பொடியா நறுக்கி தினம் ரெண்டு, மூணு வேளை கொடுங்க. குட்டி ஜோடி முதல் முட்டை போட ஒரு வருஷம்கூட ஆகலாம். பொறுமை!

முட்டை முதலில் ஆரஞ்சு கலர்ல இருக்கும். ஏழெட்டு நாள்ல உள்ளே வெள்ளி மாதிரி கண்ணு மினுங்கும். அன்னிக்கு ராத்திரி, லைட் அணைச்சு ஒரு ரெண்டு மணி நேரத்துக்குள்ள பொரிக்கும். சாயங்காலமே தாய்த் தொட்டித் தண்ணியைக் குஞ்சுத் தொட்டியில் நிரப்பி, பூந்தொட்டியை மெதுவா மாத்தி, பக்கத்துல ஏர் ஸ்டோன் வைங்க. அப்பா விசிறின வேலையை இனி அந்தக் குமிழி பார்க்கும். தொட்டியின் பக்கங்களில் கறுப்புப் பேப்பர் ஒட்டுங்க. முதல் சில நாள் வெளிச்சம் மங்கலாவே இருக்கட்டும்.

காலையில பச்சைத் தண்ணியும் ரோட்டிஃபரும் ரெடி. ஆறேழு நாள் கழிச்சு, புதுசா பொரிச்ச ஆர்ட்டீமியா. ஓட்டைப் பிரிச்சு எடுத்துட்டுக் கொடுக்கணும், ஓட்டைத் தின்னா குஞ்சுக்கு வயிறு அடைச்சுடும். தினமும் அடியில் இருக்கிற அழுக்கை உறிஞ்சி எடுத்து, கொஞ்சம் புதுத் தண்ணி சொட்டுச் சொட்டா விடுங்க. பவர் கட் ஆனா பேட்டரி ஏர் பம்ப் கைவசம் இருக்கணும்.

என் சோகக் கதை

முதல் பேட்ச். கோல்டு ஃபிஷ் குஞ்சுக்குக் கொடுக்கிற மாதிரி அவிச்ச முட்டை மஞ்சக் கருவைத் துணியில் வடிகட்டி ஊத்தினேன். குஞ்சுகள் சீண்டவே இல்லை. தண்ணி நாறியது. நாலாம் நாள் தொட்டியில் ஒண்ணுமே இல்லை. நான் அதுகளைக் கொன்னேன்னு சொல்றதுதான் நேர்மை. தீனி ரெடி பண்ணாம பொரிக்க வெச்சது நான்தானே?

ரெண்டாவது பேட்ச்சுக்கு ரோட்டிஃபர் இருந்தது. அவசரத்துல அதே மக்கைப் பாசி பாட்டில்ல விட்டுட்டேன். மூணே நாள்ல பச்சை பாட்டில் எல்லாம் வெறும் தண்ணியாச்சு. உள்ளே போன நாலு ரோட்டிஃபர் நானூறாகி, மொத்தப் பாசியையும் தின்னு தீர்த்துடுச்சு. பாசி போச்சு, அதனால ரோட்டிஃபர் போச்சு, அதனால குஞ்சும் போச்சு. ஒரு பிளாஸ்டிக் மக்கு செஞ்ச வேலை!

மூணாவது பேட்ச்சில் சுமார் 200 பொரிச்சுது. பத்தாம் நாள் காலையில டார்ச் அடிச்சுப் பார்த்தேன். ஒரு குஞ்சோட தலைக்குப் பின்னாடி மெல்லிசா வெள்ளைக் கோடு. அப்புறம் இன்னொண்ணு. கண்ணாடி ஊசி மாதிரி இருந்ததுங்க திடீர்னு மீனா மாறி, தரைக்கு இறங்கி நீந்துதுங்க. எண்ணினேன். 27.

தம்பி, உங்க கணக்குல 600. என் கணக்குல 27. அதுக்கே வீட்டுல எல்லாரையும் எழுப்பிட்டேன்.

முடிக்கிறதுக்கு முன்னாடி

நல்லாப் பார்த்துக்கிட்டா கோமாளி மீன் பத்து வருஷத்துக்கு மேல வாழும். உங்க டிகிரியைவிட அதிகம். செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போனா யாரு பார்ப்பாங்க? கேம்பஸ்ல வேலை கிடைச்சு பெங்களூரு போனா அந்த ஜோடி எங்கே போகும்? இதுக்குப் பதில் இருந்தா மட்டும் ஆரம்பிங்க. முடியலைன்னா இன்னொரு வளர்ப்பவர்கிட்ட கொடுங்க. கடல்ல விட்டுடாதீங்க. தொட்டி நோயும் சேர்ந்து கடலுக்குப் போகும்.

இன்னொண்ணு. முட்டை பொரிக்கப் போற நேரத்துல ரோட்டிஃபர் படுத்துடுச்சுன்னா, அந்தப் பேட்ச்சை எடுக்காதீங்க. அப்பா மீன்கிட்டயே விட்டுடுங்க. அதுவும் பிழைக்காதுதான், மனசு கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா ரெண்டு வாரத்துல அடுத்த முட்டை வரும். அதுக்குள்ள பக்கெட்டைச் சரி பண்ணுங்க.

தம்பி, இன்னிக்கே நாலு கூல்டிரிங்ஸ் பாட்டிலைக் கழுவி வைங்க. பச்சைத் தண்ணி ரெண்டு மாசம் பச்சையாவே இருந்தா எனக்குச் சொல்லுங்க. ஜோடி வாங்க நானே கூட வர்றேன்.

அப்புறம்... டிகிரியையும் முடிச்சிடுங்க!