பூடிலும் பட்டி நாயும்

சுருள் முடியும் கழுத்தில் ரிபனுமாக மடியில் அமர்ந்திருக்கும் பூடில் நாய்களைக் கைத்தொலைபேசித் திரையில் காணாத மாணவி இன்று அரிது. "எவ்வளவு வடிவு! எங்கட வீட்டிலும் ஒன்று இருந்தால்..." என்று ஏங்குவோர் உண்டு. நாய் என்ற சொல்லைக் கேட்டதுமே முகம் சுளிப்போரும் உண்டு. இரு சாராரிடமும் சொல்வதற்கு எனக்குச் சில விடயங்கள் இருக்கின்றன.

முதலில் ஆசைப்படுவோருக்கு. பூடில் மடியில் வைத்துக் கொஞ்சுவதற்காக உருவான இனமன்று. அதன் பெயரே தண்ணீரில் துளாவுவதைக் குறிக்கும் ஜேர்மன் சொல்லிலிருந்து வந்தது. வேட்டைக்காரர் சுட்டு நீரில் விழுந்த வாத்துகளை நீந்திச் சென்று கவ்வி வருவதே அதன் தொழில். நீந்துவதற்கு இலகுவாக உடல் முடியைக் கத்தரித்து, குளிர் தாக்காதிருக்க நெஞ்சிலும் மூட்டுகளிலும் மட்டும் முடியை விட்டு வைத்தார்கள் என்பர். அந்த வேலை உடுப்புத்தான் பிற்காலத்தில் அலங்காரமாயிற்று.

அப்படிப்பட்ட தொழிலாளி நாய்கள் நம்மிடமும் இருக்கின்றன. முள்ளிக்குளத்துக்குத் தெற்கே வில்பத்துக் காடு. இந்தக் காட்டோரத்தில் மாட்டுப் பட்டியைக் காக்கும் நாய்க்கு இனப் பெயரும் இல்லை, ரிபனும் இல்லை. இரவில் காட்டுப் பக்கம் ஏதாவது அசைந்தால் முதலில் குரைப்பது அதுதான்.

நம் மார்க்கம் இந்த வேறுபாட்டை அழகாகப் பிரித்துக் காட்டுகிறது. வேட்டைக்கும், கால்நடைக்கும், பயிருக்கும் காவலாக நாய் வளர்க்க அனுமதி உண்டு. அத்தேவைகள் இன்றி வளர்ப்பவரின் நன்மையில் நாள்தோறும் ஒரு பகுதி குறையும் என்று புகாரி, முஸ்லிம் கிரந்தங்களில் ஹதீஸ் உள்ளது. ஆகவே வீட்டுக்குள் அழகுக்காகப் பூடில் வளர்ப்பது நமக்குரியதன்று என்பதே என் நிலைப்பாடு. "பூடிலின் முடி அதிகம் உதிராது, அது சுத்தமான நாய்" என்று சிலர் வாதிடுவர். பிரச்சினை முடியில் இல்லை. நாம் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபில் நாயின் ஈரம் பட்ட இடத்தை ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் கலந்த நீரால், கழுவ வேண்டும். தொழுகைக்கு விரிக்கும் பாயும் உண்ணும் பாத்திரமும் உள்ள சிறிய வீட்டில் இது நடக்கிற காரியமா?

பூடிலின் பக்கமிருந்தும் சிந்திக்க வேண்டும். உதிராத முடி வளர்ந்துகொண்டே இருக்கும். நாள் தவறாமல் சீவி, சில வாரங்களுக்கு ஒரு முறை கத்தரிக்காவிட்டால் சடை பிடித்துத் தோல் புண்ணாகும். நாய் மனிதரைப் போல உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. நாக்கை வெளியே தொங்கவிட்டு இளைத்தே சூட்டைத் தணிக்கும். மன்னாரின் வெயிலில் அடர்ந்த முடியுடன் அதைக் கட்டிப் போடுவது அன்பாகுமா? பூனையொன்றைக் கட்டிப் போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண் தண்டிக்கப்பட்டதை நாம் சிறு வயதிலேயே படித்திருக்கிறோம்.

இனி முகம் சுளிப்போருக்கு. வீட்டுக்குள் சேர்க்காதே என்பதற்குக் கல்லால் அடி என்று பொருளில்லை. தாகத்தால் ஈர மண்ணை நக்கிய நாய்க்காகக் கிணற்றில் இறங்கித் தன் காலுறையில் நீர் அள்ளிக் கொடுத்தவரை அல்லாஹ் மன்னித்தான் என்று நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். குகைவாசிகளுடன் இருந்த நாயை அல்குர்ஆன் ஸூரத்துல் கஹ்ஃபில் குறிப்பிடுகிறது. அப்படியிருக்க, தெருவில் படுத்திருக்கும் நாயின் மீது பிள்ளை கல்லெறியும்போது பெற்றோர் பார்த்துக்கொண்டு நிற்பது எந்த மார்க்கம்? அந்த நாய் நமது கத்தோலிக்க அயலவர் ஒருவரின் வளர்ப்பாகவும் இருக்கலாம். அதை அடிப்பது அயலவரையும் நோகடிப்பதே.

வெறுப்பு நம்மையும் காக்காது. இலங்கையில் விசர்நாய்க்கடி நோய் பெரும்பாலும் நாய்கள் மூலமே பரவுகிறது. அறிகுறி தோன்றிய பின் உயிர் பிழைப்பது மிக மிக அரிது. ஆனால் உரிய நேரத்தில் தடுப்பூசி போட்டால் முற்றாகத் தடுக்கலாம். 1885இல் லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்குக் கொடுத்த தடுப்பு மருந்திலிருந்து இந்த வழி நமக்குக் கிடைத்தது. கடித்தால் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். அடி விழும் என்ற பயத்தில் பிள்ளைகள் கடியை மறைப்பதுண்டு. பெற்றோரே, அதற்கு இடம் வைக்காதீர்கள். பட்டி நாய் வைத்திருப்போர் ஆண்டுதோறும் அதற்குத் தடுப்பூசி போடட்டும்.

பூடிலுக்காக ஏங்கும் தோழிகளே, உங்கள் இரக்கம் உண்மையானதென்றால் அதற்கு ரிபன் கட்டிய நாய் தேவையில்லை. மாரி மழை வருவதற்கு முன் குளங்கள் வற்றிக் கிடக்கும் மாதங்களில், வேலிக்கு வெளியே ஒரு பழைய சட்டியில் தண்ணீர் வையுங்கள். குடிக்க வருவது எந்த நாயாக இருந்தாலும் அதன் தாகம் ஒன்றுதான்.