கேட்டதெல்லாம் கொடுக்கலாமா?



குழாயைப் பழுதுபார்க்க வந்தவர், "அலமாரிச் சாவியையும் தாருங்கள்" என்று கேட்டால் என்ன செய்வோம்? "எதற்கு?" என்று வினவுவோம் அன்றோ? ஆனால் கைத்தொலைபேசியில் வெறும் கைவிளக்குச் செயலி நம் தொடர்பு எண்களைக் கேட்கும்பொழுதும், பிள்ளைகளின் விளையாட்டுச் செயலி ஒலிவாங்கியைக் கேட்கும்பொழுதும், "அனுமதி" என்னும் பொத்தானைச் சற்றும் சிந்தியாது அழுத்திவிடுகின்றோம். இவ்வழக்கம் மாறவேண்டும் என்பதே என் கருத்து.

நம் சிங்கப்பூரிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கொவிட்-19 நோய் பரவிய காலத்தில், 2020 மார்ச் 20 ஆம் நாள் 'டிரேஸ்டுகெதர்' செயலி வெளிவந்தது. அருகருகே இருக்கும் கைத்தொலைபேசிகள் புளூடூத் வாயிலாக ஒன்றையொன்று குறித்துக்கொள்ளும். ஒருவருக்கு நோய் கண்டால் அவரோடு நெருங்கியிருந்தோரை அறியலாம். கப்பல் பட்டறைகளிலும் கட்டுமானத் தளங்களிலும் உழைத்த வெளிநாட்டு ஊழியர்கள் அதனைக் கட்டாயமாக வைத்திருக்க நேர்ந்தது. அச்செயலி நாம் செல்லும் இடங்களைப் பதிவு செய்யவில்லை. ஆயினும் ஆண்டிராய்டு தொலைபேசிகளில் இருப்பிட அனுமதியைக் கேட்டது. புளூடூத் கருவிகளைத் தேடுவதற்கே அவ்வனுமதி வேண்டும் என்பது அன்றைய ஆண்டிராய்டு விதி. ஆகவே, கேட்பவரெல்லாம் சூழ்ச்சிக்காரர் என்று எண்ணுவதும் பிழையே.

எனினும் கதை அத்தோடு முடியவில்லை. நோய்த்தொடர்பைக் கண்டறிய மட்டுமே அத்தகவல் பயன்படும் என்று மக்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. 2021 ஜனவரி 4 ஆம் நாள், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ் காவல்துறையும் அதனைப் பெறலாம் என நாடாளுமன்றத்தில் உள்துறைத் துணை அமைச்சர் டெஸ்மண்ட் டான் தெரிவித்தார். பலரும் முகம் சுளித்தனர். மறுமாதமே, 7 வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என வரையறுத்துச் சட்டம் இயற்றப்பட்டது. கொலைகாரனைப் பிடிக்க அத்தகவல் உதவுமாயின் நான் குறைகூறேன். ஆனால் அதனை முதல்நாளே சொல்லியிருத்தல் வேண்டும். ஒரு நோக்கத்திற்காகத் திரட்டியது வேறொன்றிற்கும் பயன்படக்கூடும் என்பதை அந்நிகழ்ச்சி நமக்குக் காட்டிற்று. நல்லெண்ணம் கொண்ட அரசிடமே இவ்வாறு நேருமாயின், முகமறியா நிறுவனங்களிடம் எத்துணை விழிப்பு வேண்டும்!

"மறைப்பதற்கு என்னிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்போர் உளர். தொடர்பு எண்கள் உங்களுடையவை மட்டும் அல்லவே! ஊரிலுள்ள தமக்கையின் எண்ணும், மைத்துனரின் எண்ணும் அதில் உள்ளன. இந்தியாவில் கடன் செயலிகள் சில அவ்வெண்களை எடுத்துக்கொண்டு, கடன் வாங்கியவரின் உறவினரையெல்லாம் அழைத்து இழிவுபடுத்தின. 2022 செப்டம்பரில் இந்திய ரிசர்வ் வங்கி, கடன் செயலிகள் தொடர்பு எண்களையும் அழைப்புப் பதிவுகளையும் தொடலாகாது என விதித்தது.

இங்கோ 2023 இல் வேறுவகை மோசடி பெருகிற்று. மலிவு விலையில் கடலுணவு, வீடு துப்புரவுப் பணி என்று ஃபேஸ்புக்கில் விளம்பரம் வரும்; இணைப்பின்வழி செயலியை இறக்கச் சொல்வார்கள். அது "அணுகல்தன்மை" அனுமதியைக் கேட்கும். பார்வைக் குறையுடையோர்க்குத் திரையைப் படித்துக்காட்டவும், அவர்களுக்காகப் பொத்தானை அழுத்தவும் அமைந்த நல்வசதி அது. கள்வர் கையில் சிக்கினாலோ, நம் கடவுச்சொல்லைப் படித்து வங்கிக் கணக்கையே துடைத்துவிடும். அவ்வாண்டில் ஏறத்தாழ 1,900 சம்பவங்கள் பதிவாயின.

செய்யவேண்டியது பெரிதன்று. "அமைப்புகள்" பகுதிக்குள் "தனியுரிமை" என்பதைத் திறந்தால் எந்தச் செயலிக்கு எந்த அனுமதி உள்ளது என்பது தெரியும். வாடகை வண்டிச் செயலிக்கு இருப்பிடம் வேண்டும். அதற்கும் "பயன்படுத்தும்போது மட்டும்" என்பதே போதும். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் இதனைப் பெரியோரைவிட விரைவில் கற்பர். தாத்தா பாட்டியின் தொலைபேசியை அவர்களோடு அமர்ந்து பார்க்கட்டும். ஞாயிறுதோறும் தேக்காவிற்குச் செல்லும் தோழர்கள், புதுத் தொலைபேசியில் நண்பரோ கடைக்காரரோ செயலிகளை ஏற்றித் தரும்பொழுது, அனுமதிப் பொத்தான்களை மட்டும் தம் விரலாலேயே அழுத்துவார்களாக. ஐயம் எழுந்தால் 1799 என்னும் மோசடித் தடுப்பு உதவி எண்ணை அழைக்கலாம்.