கண்டுபிடிக்கக் கூலி கொடுங்கள்

“வண்டிக்கு வயசாயிடுச்சு, அதான் சத்தம் வருது.”

பெரம்பலூர், அரியலூர் பக்கம் பழைய கார் வைத்திருக்கிற எவரும் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் தப்பித்திருக்க முடியாது. மெக்கானிக் சொல்வார், கம்பெனி சர்வீஸ் சென்டரில் சட்டையை இன் பண்ணிக்கொண்டு நிற்கிற பையன் சொல்வான், பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார், கடைசியில் பழைய வண்டி வாங்கி விற்கிற புரோக்கர் சொல்வார். நால்வரும் ஒரே குரலில் சொல்வதாலேயே அது உண்மை மாதிரி ஆகிவிட்டது. ஆனால் வயசு எந்தச் சத்தத்தையும் போடாது. ஏதோ ஒன்று தேய்ந்திருக்கும், தளர்ந்திருக்கும், வெடித்திருக்கும், காய்ந்து இறுகியிருக்கும். சத்தம் போடுவது அதுதான். அது எது என்று சொல்லாமல் வயசு என்று சொல்வது, காய்ச்சலோடு போனவனிடம் “உங்களுக்கு உடம்பு சரியில்லை” என்று சொல்லி அனுப்புவதற்குச் சமம்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். நம் ஊரில் பாகத்துக்குக் காசு உண்டு, கோளாறைக் கண்டுபிடிப்பதற்குக் காசு கிடையாது. எதற்குக் காசு கொடுக்கிறோமோ அதுதான் நமக்குக் கிடைக்கும். அதனால்தான் நமக்குப் பாகமாகக் கிடைக்கிறது.

இது வண்டிப் பைத்தியங்களின் பிரச்சினை இல்லை. பெரம்பலூர் 1995-ல் திருச்சியிலிருந்து பிரிந்த மாவட்டம். அரியலூர் 2001-ல் தனியாகப் பிரிந்து, மறு வருஷமே பெரம்பலூரோடு சேர்ந்து, 2007-ல் மறுபடி பிரிந்தது. சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பருத்தியும் விளைகிற பூமி, அந்தப் பக்கம் சுண்ணாம்புக்கல்லும் சிமெண்ட் ஆலைகளும். இங்கே ஒரு குடும்பம் வாங்குகிற முதல் கார் பெரும்பாலும் இன்னொருத்தர் பத்து வருஷம் ஓட்டியதுதான். அந்தக் கார்தான் கல்யாணத்துக்கும், கொள்முதல் பணம் வாங்கப் போவதற்கும், ராத்திரி பதினோரு மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சு வலித்தால் அறுபது கிலோமீட்டர் தாண்டி திருச்சிக்குப் போவதற்கும். அந்த வீட்டில் போய் “இன்ஜினை இறக்கணும், அறுபதாயிரம் ஆகும்” என்று ஒருவர் சொன்னால், அது ஒரு போக வெங்காயத்தின் லாபத்தைப் பற்றிய பேச்சு. அந்த வார்த்தையைச் சொல்கிறவர் அதற்கு முன்னால் காதைக் கொடுத்துக் கேட்டிருக்க வேண்டாமா?

கேட்பது என்றால் சும்மா பானெட்டைத் தூக்கித் தலையை ஆட்டுவது இல்லை. அதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதல் கேள்வி: வண்டி சூடானால் சத்தம் குறைகிறதா, கூடுகிறதா? காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது தட்டி, சூடேறியதும் அடங்கினால், பிஸ்டன் சிலிண்டருக்குள் லேசாக ஆடி அடிப்பதாக இருக்கலாம். உலோகம் விரிந்ததும் இடைவெளி குறைந்து அமைதியாகிவிடும். இதற்கு நேர்மாறாக, சூடேறி ஆயில் இளகியதும் அடியிலிருந்து ‘டொக் டொக்’ என்று கனமாக வந்தால் கனெக்டிங் ராடு பேரிங்கைச் சந்தேகப்பட வேண்டும். அந்தச் சத்தத்தோடு ஆயில் லைட்டும் எரிந்தால் யோசிக்கவே கூடாது. அந்த இடத்திலேயே இன்ஜினை அணைத்துவிட்டுக் கட்டி இழுத்துத்தான் வர வேண்டும்.

இரண்டாவது கேள்வி: எப்போது வருகிறது? பாடாலூர் பக்கம் மேடு ஏறும்போது மட்டும் ‘கிணிகிணி’ என்றால் அது எரிபொருள் நேரம் தப்பி எரிகிற சத்தம். சிலிண்டருக்குள் படிந்த கரி, இன்ஜினின் அதிகச் சூடு, பெட்ரோலின் தரம் என்று வேறு பக்கம் தேட வேண்டும். ஏசி போட்டதும் கீச்சிட்டால் பெல்ட். கியரைப் போட்டு கிளட்சை விடும்போது ‘தொப்’ என்றால் இன்ஜின் மவுண்ட். மூன்றாவது கேள்வி தாளம். நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று சுற்றும். அதனால் வால்வு பக்கத்துச் சத்தம் இன்ஜின் வேகத்துக்குப் பாதி வேகத்தில் தட்டும். நல்ல காது இதை ஒரு நிமிஷத்தில் பிரித்துவிடும். இதற்கெல்லாம் லட்ச ரூபாய் கருவி வேண்டாம். நீளமான ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு முழம் ரப்பர் டியூப், அப்புறம் பொறுமை.

போன மார்கழியில் என் வண்டிக்கு வந்தது இந்த வகைச் சத்தம்தான். பதினேழு வருஷத்து பெட்ரோல் வண்டி. காலையில் எடுத்ததும் ‘டிக் டிக் டிக்’, பத்து நிமிஷத்தில் பாதியாகக் குறையும். அறுபது கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு ஒரு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனேன். போய்ச் சேரும்போது இன்ஜின் கொதிக்கிறது, சத்தம் இருக்கிறதா என்றே தெரியவில்லை. மீட்டரில் ஓடிய கிலோமீட்டரைப் பார்த்தார்கள், ஆர்.சி.யில் வருஷத்தைப் பார்த்தார்கள், 62 ஆயிரத்துக்கு எஸ்டிமேட் அடித்துக் கையில் கொடுத்தார்கள். “எந்தச் சத்தத்துக்குங்க இது?” என்று கேட்டேன். “சார், ஓவர்ஹால் பண்ணிட்டா எல்லாச் சத்தமும் போயிடும்.”

ஊரில் ஒரு பட்டறையில் காட்டினேன். கேட்டவுடன் “டேப்பட்டுங்க” என்றார். கவரைக் கழற்றி இடைவெளி சரி பண்ணி, புது கேஸ்கெட் போட்டு 1,800 வாங்கிக்கொண்டார். மறுநாள் காலை அதே டிக் டிக்.

மூன்றாவதாகப் பார்த்தவர் வண்டியைத் தொடவே இல்லை. “இப்ப சூடா இருக்குங்க, ஒண்ணும் சொல்ல முடியாது. ராத்திரி இங்கயே விட்டுட்டுப் போங்க. காலைல நான் ஸ்டார்ட் பண்ணிக் கேக்கணும்” என்றார். மறுநாள் விடிகாலையில் ஸ்டார்ட் பண்ணி, ஸ்க்ரூ டிரைவரின் நுனியை வால்வு கவரில், பிளாக்கில், வாட்டர் பம்பில் என்று வைத்து, பிடியைக் காதோரம் அழுத்திக் கேட்டார். அப்புறம் ரப்பர் டியூபின் ஒரு நுனியைக் காதில் வைத்துக்கொண்டு, மறு நுனியை சைலன்சர் குழாய் இன்ஜினோடு சேருகிற மேனிபோல்டின் ஓரமாக நகர்த்திக்கொண்டே போனார். ஒரு இடத்தில் நின்றது. மூன்றாவது சிலிண்டரின் பிளக் ஒயரைச் சில நொடி மட்டும் பிடுங்கினார். டிக் டிக் நின்றது. ஒயரைப் போட்டார், திரும்ப வந்தது.

“டேப்பட்டுன்னா ஒயரப் புடுங்கினாலும் தட்டிக்கிட்டேதான் இருக்கும். இது புகை லீக்குங்க.” அந்த இடத்தில் கேஸ்கெட் ஓரம் மெல்லிசாகக் கரிக்கோடு இருந்தது. ஒரு ஸ்டட் அறுந்திருந்தது. இன்ஜின் சூடானதும் இரும்பு விரிந்து ஓட்டை சுருங்குகிறது, சத்தம் குறைகிறது. அவ்வளவுதான். கேஸ்கெட், ஸ்டட், கூலி எல்லாம் சேர்த்து 1,450 ரூபாய் ஆனது. “ரெண்டு நாள் பாத்ததுக்கு எவ்வளவுங்கண்ணே?” என்றேன். சிரித்தார். “பாத்ததுக்கெல்லாம் யாருங்க காசு வாங்குறது? மாட்டுன கூலி அதுலயே இருக்கு.”

நல்ல மெக்கானிக், கெட்ட சர்வீஸ் சென்டர் என்று இதை ஒரு நீதிக்கதையாக்கிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. தவறாகச் சொன்னவர்களில் ஒருவரும் உள்ளூர் பட்டறைக்காரர்தானே. நான் கவனிக்கச் சொல்வது வேறொன்றை. அந்த 62 ஆயிரத்தைக் கட்டியிருந்தால் என் வண்டியின் சத்தம் கட்டாயம் போயிருக்கும். ஏனென்றால் ஹெட்டைக் கழற்றி இன்ஜினை இறக்கும்போது மேனிபோல்டையும் கழற்றியாக வேண்டும். திரும்ப மாட்டும்போது புது கேஸ்கெட் போடுவார்கள், அறுந்த ஸ்டட்டையும் மாற்றுவார்கள். சத்தம் நின்றிருக்கும். நானும் “ஓவர்ஹால் பண்ணேன், சரியாயிடுச்சு” என்று ஊரெல்லாம் சொல்லியிருப்பேன். பெரிய வேலைக்குள் சின்ன வேலை ஒளிந்துகொண்டிருப்பதால், தப்பான முடிவுக்கும் வெற்றி கிடைக்கிறது. தப்பு என்று யாருக்கும் தெரியாமலே போகிறது. எத்தனை வீட்டில் எத்தனை இன்ஜின் ஒரு கேஸ்கெட்டுக்காக இறக்கப்பட்டது என்பதற்குக் கணக்கே இருக்காது. காரணம், அந்த வீட்டுக்காரர்கள் எல்லாரும் திருப்தியாக இருக்கிறார்கள்.

மூன்றாமவரின் கணக்கையும் பாருங்கள். அவர் ஒரு விடிகாலையையும் இருபது வருஷத்துக் காதையும் கொடுத்தார். அதற்கு விலை பூஜ்யம். அதே நேரத்தில் இன்னொரு வண்டிக்கு கிளட்ச் பிளேட் மாற்றியிருந்தால் கூலியும் உண்டு, பாகத்தில் கமிஷனும் உண்டு. இப்படிப்பட்ட சந்தையில் காது எத்தனை நாள் பிழைக்கும்? அவரிடம் வேலை கத்துக்கொள்கிற பையன் எதைக் கத்துக்கொள்வான்? சர்வீஸ் சென்டரில் நிற்கும் பையனும் பாவம்தான். அவன் மாசக் கடைசியில் காட்ட வேண்டியது எத்தனை ரூபாய்க்கு பில் போட்டான் என்பதை. ஒரு வண்டியை ராத்திரி நிறுத்தி காலையில் கேட்டான் என்பதைக் காட்ட அந்தப் படிவத்தில் இடமே இல்லை.

“இப்பத்தான் ஸ்கேனர் வந்திருச்சே, போட்டா தெரிஞ்சிடும்” என்பார்கள். ஸ்கேனர் நல்ல கருவி, நான் எதிரி இல்லை. ஆனால் சென்சார் சொல்வதைத்தான் அது சொல்லும். தேய்ந்த பேரிங்கில் சென்சார் கிடையாது. அறுந்த ஸ்டட்டில் கிடையாது. நாக் சென்சார் என்று ஒன்று உண்டு, அது சிலிண்டருக்குள் எரிவது தப்புகிறதா என்று பார்க்க வைத்தது. அதைத் தாண்டி அந்தக் கருவிக்குக் காதில்லை. கோடு எதுவும் வரவில்லை என்றால் கோளாறு இல்லை என்று அர்த்தமில்லை. அங்கிருந்துதான் காதின் வேலை ஆரம்பிக்கிறது.

அந்த ஸ்கேனரும் சாதாரணப் பட்டறைக்கு எளிதில் கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளிப் பட்டறைகளுக்கு உதிரி பாகங்களையும் கோளாறு அறியும் கருவிகளையும் தகவல்களையும் கிடைக்கவிடாமல் செய்தார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. வழக்கு மேல்முறையீடுகளில் வருஷக்கணக்காக இழுத்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-லேயே மக்கள் ஓட்டுப் போட்டு, கார் பழுது பார்க்கும் தகவல்களை வெளிப் பட்டறைகளுக்கும் தர வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். நம்முடைய மத்திய அரசு 2022 டிசம்பரில் ‘பழுது பார்க்கும் உரிமை’ என்று ஓர் இணையதளம் தொடங்கியது. துறைமங்கலத்துப் பட்டறைக்காரர் ஒருவரிடம் அதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

சோம்பேறித்தனமான காரணம் சொல்வதில் நம்மை மிஞ்ச ஆளில்லை. இப்போது எந்தச் சத்தம் வந்தாலும் “எத்தனால் பெட்ரோல்” என்கிறார்கள். எத்தனால் கலந்த பெட்ரோலில் மைலேஜ் குறைவது உண்மை. பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டி வரலாம் என்று அரசே 2025-ல் ஒப்புக்கொண்டது. ஆனால் எத்தனால் ஆக்டேன் எண்ணைக் கூட்டுகிற பொருள், மேட்டில் வரும் கிணிகிணியை அதன் தலையில் கட்ட முடியாது. இதைப் பேசுகிற நேரத்தில் நம் ஊரின் சொந்தக் காரணத்தை யாரும் பார்ப்பதில்லை. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடுகிற அரியலூர்ச் சாலைகளில் ஒரு வருஷம் ஓட்டிய வண்டியின் ஏர் ஃபில்டரைக் கழற்றி உதறிப் பாருங்கள். தூசி தாண்டி உள்ளே போனால் ரிங்கும் சிலிண்டரும் தேயும், தேய்ந்தால் ஆயில் எரியும், ஆயில் குறைந்தால் மேலே டேப்பட் தட்டும். தூசியில் ஓட்டினால் ஃபில்டரைச் சீக்கிரம் மாற்று என்று வண்டியோடு வந்த புத்தகத்திலேயே போட்டிருக்கும். அந்தச் சில நூறு ரூபாயை மிச்சம் பிடித்துவிட்டு, கடைசியில் வண்டிக்கு வயசாயிடுச்சு என்கிறோம்.

அரசாங்கமும் இதே பாஷையைத்தான் பேசுகிறது. 15 வருஷம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வருஷம் தாண்டினால் 10,000 என்று 2025-ல் ஆக்கினார்கள். ஒழுங்காகப் பராமரித்த வண்டிக்கும் புகை கக்கும் வண்டிக்கும் ஒரே கட்டணம். டெல்லியில் டீசல் 10 வருஷம், பெட்ரோல் 15 வருஷம் என்று கோடு கிழித்து, 2025 ஜூலை முதல் தேதி அந்த வண்டிகளுக்கு பங்கில் எண்ணெய் ஊற்றக் கூடாது என்று ஆரம்பித்து, சில நாளிலேயே நிறுத்திவைத்தார்கள். பழைய வண்டி காற்றைக் கெடுக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. கெடுக்கிற வண்டியை ரோட்டை விட்டு எடுங்கள், அது ஐந்து வருஷத்து வண்டியானாலும் சரி. ஆனால் அதைச் சோதித்துச் சொல்லுங்கள். பிறந்த தேதியைப் பார்த்து நோயைச் சொல்கிற டாக்டரிடம் நாம் போவோமா?

பழைய வண்டி மேல் எனக்குக் காதல் எதுவும் கிடையாது. ராடு பேரிங் போய் கிராங்க் தேய்ந்துபோன வண்டியை விற்றுவிட வேண்டியதுதான். அந்த முடிவும் கேட்ட பிறகு எடுத்த முடிவாக இருக்கட்டும்.

அதனால் என் யோசனை இது. பட்டறைக்காரர்கள் வாசலில் ஒரு போர்டு மாட்டட்டும்: ‘கோளாறு பார்க்க ரூ. 500. வேலை இங்கே செய்தாலும் செய்யாவிட்டாலும்.’ வண்டிக்காரர்கள் முணுமுணுக்காமல் அதைக் கொடுக்கட்டும். பதிலுக்கு ஒரு துண்டுச் சீட்டு கேட்டு வாங்கட்டும். சத்தம் எங்கே, எப்போது வருகிறது, எதைச் செய்து பார்த்தார், எதெல்லாம் இல்லை என்று ஒதுக்கினார், கடைசியாக எது. ஐந்து வரி போதும். அந்த ஐந்து வரியை எழுத முடியாதவர் சொல்கிற 62 ஆயிரத்தை நம்ப வேண்டியதில்லை. எழுத முடிந்தவரிடம் பேரம் பேசவும் கூடாது. மாட்டுகிற கைக்குக் கூலி கொடுக்கிற ஊர் கேட்கிற காதுக்கும் கொடுத்தால்தான், அடுத்த தலைமுறை பட்டறையில் அந்தக் காது இருக்கும்.