கொக்கோவும் கோப்பையும்

இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம் வந்தால் சம்மாந்துறையில் ஒரு புதிய உபதேசமும் பிறந்துவிடுகிறது. "ஓட்டத்துக்கு முன் கறுப்புச் சொக்லேட் கொடுங்கள், அதிலுள்ள தியோபுரோமின் பிள்ளையைப் பறக்க வைக்கும்." நெல் விற்ற காசில் இறக்குமதிச் சொக்லேட் வாங்கி மைதானத்து ஓரத்தில் நின்ற தந்தையொருவரைக் கண்டேன். அவரை நான் குறை கூறேன். அவருக்கு இதை ஓதியவர்களிடமே கேட்கிறேன்: ஆதாரம் எங்கே?

தியோபுரோமின், கஃபீனின் உடன்பிறப்பு. நாம் பருகும் தேநீரிலுள்ள கஃபீனில் ஒரு சிறுபங்கு ஈரலில் தியோபுரோமினாகவே மாறுகிறது. ஆயினும் அண்ணனின் வலிமை தம்பிக்கு இல்லை. களைப்பை உணர்த்தும் அடினோசினை மறிப்பதில் கஃபீன் வல்லது, தியோபுரோமின் மெலிந்தது. உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 3 முதல் 6 மில்லிகிராம் கஃபீன் வளர்ந்த வீரரின் தாங்குதிறனைக் கூட்டும் என்பது பல ஆய்வுகளில் உறுதியானது. தியோபுரோமினுக்கு அத்தகைய உறுதியான சான்று இல்லை. 70 வீதக் கொக்கோ கொண்ட 100 கிராம் சொக்லேட்டில் அது ஏறக்குறைய 800 மில்லிகிராம் உண்டு. பால் சொக்லேட்டிலோ அதில் சிறுபகுதியே; எஞ்சியதில் பெரும்பங்கு சீனியும் கொழுப்பும்தான். அளவு மிஞ்சினால் தலைவலியும் குமட்டலுமே மிச்சம்.

"பந்தயக் குதிரைகளுக்கு அதைத் தடைசெய்துள்ளார்களே!" என்பர் சிலர். உண்மைதான். ஆனால் தீவனத்தில் கொக்கோத் தோடு கலந்துவிடுவதால், குதிரையின் சிறுநீரில் குறித்த ஓர் அளவுவரை அது பொறுத்துக்கொள்ளவும் படுகிறது. குதிரைக்கான தடை, மனிதப் பிள்ளை வேகமாக ஓடும் என்பதற்கு அத்தாட்சியாகுமா?

மனிதருக்கான உலகத் தடைப்பட்டியலில் தியோபுரோமின் இல்லை. கஃபீனும் 2004இல் நீக்கப்பட்டுவிட்டது. அப்படியாயின் என் கோபம் எதற்கு? வெற்றி பொட்டலத்தில் இருக்கிறது என்ற நம்பிக்கையைப் பிஞ்சு மனத்தில் விதைக்கிறோமே, அதற்குத்தான். இன்று சொக்லேட், நாளை பெயர் தெரியாத மாவு டின். 2010இல் இந்திய வீரர்கள் பலர் மெத்தில்ஹெக்ஸனமைன் என்ற ஊக்கியால் சிக்கினர். 2011இல் நம் உபுல் தரங்க, தோள் வலிக்கு எடுத்த மூலிகை மருந்தில் தடைசெய்யப்பட்ட பொருள் இருந்ததால் மூன்று மாதத் தடை பெற்றார். "அறியாமல் உண்டேன்" என்பது தண்டனையைக் குறைக்கலாம், குற்றத்தைத் துடைக்காது.

பெற்றோரே, அந்தக் காசில் பிள்ளைக்கு முட்டையும் பழமும் வாங்குங்கள். ஒரு நல்ல சப்பாத்து வாங்குங்கள். அதிகாரிகளே, ஓடுதளத்தையும் பயிற்றுநரையும் தாருங்கள். மைதானம் குண்டும் குழியுமாய்க் கிடக்க, பிள்ளையின் வாயில் சொக்லேட்டைத் திணிப்பது விளையாட்டு வளர்ச்சியல்ல. நம் கடமையைத் தட்டிக்கழிக்கும் தந்திரம்.