குறுக்கே வீசும் காற்று

துப்பாக்கியை விட்டுப் புறப்பட்ட குண்டை யாராலும் திருப்பி அழைக்க முடியாது. ஆனால் போகிற வழியில் அதைச் சற்றே ஒதுக்கிவிடக் கூடியது ஒன்று உண்டு. அதுதான் குறுக்கே வீசும் காற்று.

வேட்டைக்காரர்களிடையே பெயர் பெற்ற 'முப்பது-ஆறு' ரகத் துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். அதன் 180 கிரெயின் எடையுள்ள குண்டு விநாடிக்குச் சுமார் 2,700 அடி வேகத்தில் கிளம்புகிறது. 300 கஜ தூரத்தைக் கடக்க அதற்குச் சுமார் .374 விநாடி பிடிக்கிறது. அச்சமயம் பக்கவாட்டில் மணிக்கு 10 மைல் வேகத்தில் காற்று அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இலைகளும் சிறு குச்சிகளும் ஓயாமல் அசையும். அதற்கு மேல் ஒன்றுமில்லை. குண்டு எவ்வளவு விலகும்?

"அந்த நேரத்தில் காற்று எவ்வளவு நகருமோ, அவ்வளவு" என்று வகுப்பில் கெட்டிக்காரப் பையன் ஒருவன் எழுந்து சொல்லுவான். அவன் கணக்குப்படி ஐந்தரை அடி ஆகிறது. உண்மையில் விலகுவதோ சுமார் 7 அங்குலந்தான்!

காரணம் இதுதான். கையால் தள்ளுவதுபோல் காற்று குண்டைத் தள்ளுவதில்லை. சுழன்றுகொண்டே செல்லும் குண்டு, காற்றுத் திசைகாட்டியைப் போல, எதிர்ப்படும் காற்றை நோக்கித் தன் மூக்கைத் திருப்பிக்கொள்கிறது. காற்று இடப்புறமிருந்து வந்தால், மூக்கு இம்மியளவு இடப்புறம் சாயும். அப்போது காற்றுத் தடை குண்டை நேர் பின்னால் இழுக்காமல், சற்றே வலப்புறமாக இழுக்கிறது. ஆகவே தடையினால் வீணான நேரத்தை மட்டும் காற்றின் வேகத்தால் பெருக்கினால் போதும். 19-ஆம் நூற்றாண்டில் டீடியோன் என்ற பிரெஞ்சுப் பீரங்கிப்படை அதிகாரி வகுத்த விதி இது. தடையே இல்லாவிட்டால் .333 விநாடியில் குண்டு போய்ச் சேர்ந்திருக்கும். வீணானது .041 விநாடி. பெருக்கிப் பாருங்கள், 7 அங்குலம் வந்துவிடும்.

வேகத்தைக் கூட்டினால் விலகல் குறையும் என்று எப்போதும் நம்புவதற்கில்லை. இருபத்திரண்டு ரகச் சிறு துப்பாக்கியில், ஒலியை முந்திச் செல்லும் குண்டு, ஒலிக்குச் சற்றே பிந்திச் செல்லும் அதே எடையுள்ள குண்டைவிட அதிகமாக விலகுகிறது. ஒலியின் வேகத்தை நெருங்கும் இடத்தில் காற்றுத் தடை மளமளவென்று ஏறிவிடுவதே காரணம்.

7 அங்குலம் ஒரு பிரமாதமா என்று கேட்கலாம். மானின் நெஞ்சுக்குக் குறி வைத்த குண்டு 7 அங்குலம் தள்ளிப் பட்டால், வயிற்றைக் கிழித்துவிடும். அது உடனே சாகாது. புதருக்குள் ஓடிப் பல மணி நேரம் துடிக்கும். புலியானால் விபரீதம் இன்னும் பெரிது. 1907-இல் ஜிம் கார்பெட் சுட்டு வீழ்த்திய சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றதாக அவர் எழுதியிருக்கிறார். அதன் வலப்புறக் கோரைப் பற்கள் இரண்டும், முன்பு எவரோ சுட்ட குண்டினால் உடைந்திருந்தன. இயற்கையான இரையைப் பிடிக்க முடியாமற் போனதால்தான் அது மனிதரை நாடியது என்பது அவர் முடிவு. அந்தக் குண்டு காற்றினால் தவறியதா, கையினால் தவறியதா, யார் அறிவார்? இடம் மாறிப் பட்ட ஒரு குண்டின் விலையை மட்டும் குமாவூன் கிராமங்கள் கொடுத்தன.

நம் தேசத்தில் 1972-ஆம் வருஷத்துச் சட்டமும் அதன் பிற்காலத் திருத்தங்களும் பொழுதுபோக்கு வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டன. வேட்டை இன்னும் நடக்கும் தேசங்களில் பொறுப்புள்ளவர் அனுசரிக்க வேண்டிய விதி எளியது: காற்று பலமாக அடித்தால் கிட்டே போ, போக முடியாவிட்டால் சுடாதே.