முதலில் பற, பிறகு முறையிடு

அமெரிக்க விமானப் பணியாளர்களின் பணியிடக் குறைகள் தீர்க்கப்படுவது ரயில்வே தொழிலாளர் சட்டத்தின் கீழ். 1926-இல் ரயில்வேக்காக இயற்றப்பட்டு, 1936-இல் விமான நிறுவனங்களையும் சேர்த்துக்கொண்ட சட்டம் அது. போக்குவரத்து நின்றுவிடக் கூடாதே என்பதுதான் அதன் முதல் கவலை. இந்தச் சட்டத்தின் நடைமுறையில் தகராறுகள் இரண்டு வகை. புதிய ஒப்பந்தத்துக்கான பேரம் ‘பெரிய தகராறு’. இருக்கும் ஒப்பந்தத்தின் வாசகத்துக்கு என்ன பொருள் என்பது ‘சிறிய தகராறு’. ஒருவரை வேலையைவிட்டு நீக்குவதும் இந்தக் கணக்கில் சிறியதுதான்! சிறிய தகராறுக்காக வேலைநிறுத்தம் செய்ய முடியாது என்று 1957-இல் சிகாகோ ரிவர் ரயில்வே வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொன்னது. கைவிட்ட ஆயுதத்துக்கு ஈடாகச் சங்கத்துக்குக் கிடைத்தது, இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் நடுவர் தீர்ப்பு.

விடிகாலை நாலரை மணிக்கு, காத்திருப்புப் பணியில் உள்ள ஒருவருக்கு அட்டவணைப் பிரிவிலிருந்து அழைப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று நாள் பயணம், உடனே கிளம்ப வேண்டும். தன்னைவிடப் பணிமூப்பு குறைந்த ஒருவர் அதே ஊரில் சும்மா இருப்பதும், ஒப்பந்தப்படி அவரைத்தான் முதலில் அழைத்திருக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். ஆனாலும் மறுக்கக் கூடாது. மறுத்தால் கீழ்ப்படியாமை என்று குற்றச்சாட்டு வரும். நியாயம் அவர் பக்கம் இருந்தாலும் பேச்சு திசைமாறிவிடும். பாதுகாப்புக்கோ சட்டத்துக்கோ பங்கம் வந்தாலொழிய, பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவதே வழக்கம். அழைத்தவர் பெயர், நேரம், சொன்ன வார்த்தை, விமான எண் ஆகியவற்றை அன்றே குறித்துவைப்பது முக்கியம். வழக்கின் பாதி பலம் அந்தத் துண்டுத்தாளில் இருக்கிறது.

தொழிற்சாலையில் சங்கப் பிரதிநிதி இயந்திரங்களுக்கிடையே ஒரு நடை நடந்தால் சாட்சி கிடைத்துவிடும். விமானத்தில் அது நடக்காது. பயணத்துக்குப் பயணம் உடன் பணியாற்றுவோர் மாறுகிறார்கள். சம்பவத்தைப் பார்த்தவர் மறுநாள் வேறு கண்டத்தில் இருக்கலாம். காலக்கெடுவோ யாருக்காகவும் நிற்பதில்லை. ஒப்பந்தம் சொல்லும் நாட்களுக்குள் எழுத்துமூலம் முறையிடாவிட்டால், எவ்வளவு நியாயமான குறையும் செத்துப்போகும். மேற்பார்வையாளரிடம் பேசித் தீராதது நிர்வாக விசாரணைக்கும், அங்கும் தீராதது சரிக்கட்டு வாரியத்துக்கும் போகிறது. வாரியத்தில் நிறுவனத்துக்கும் சங்கத்துக்கும் சம இடங்கள். வாக்கு சரிபாதியாகப் பிரிந்தால், வெளியிலிருந்து வரும் நடுவர் முடிவு செய்வார். அந்த முடிவை நீதிமன்றம் மிக அரிதாகவே தொடும்.

உறுப்பினர்களின் மனத்தாங்கல் தொடங்கும் இடம் வேறு. குறை தனிநபருடையது, அதை நடுவர்வரை கொண்டுபோவதா வேண்டாமா என்று முடிவு செய்வது பெரும்பாலும் சங்கம். நடுவருக்குச் செலவாகும்; தோற்ற வழக்கு மற்றவர்களுக்கும் பாதகமான முன்னுதாரணமாகிவிடும். எல்லாவற்றையும் கொண்டுபோக வேண்டிய கட்டாயம் சங்கத்துக்கு இல்லை. ஆனால் தன்னிச்சையாகவோ பாரபட்சமாகவோ தீய நோக்கோடோ நடக்கக் கூடாது என்கிறது 1967-இன் வாகா வழக்குத் தீர்ப்பு. அந்தக் கடமையின் வேர் 1944-இல் இருக்கிறது: கறுப்பினத் தொழிலாளர்களைச் சேர்க்க மறுத்துக்கொண்டே அவர்கள் வேலையைப் பறிக்க ஒப்பந்தம் போட்ட ரயில்வே சங்கத்தைக் கண்டித்த தீர்ப்பு அது. சலித்தெடுப்பது தவிர்க்க முடியாததுதான். ஆனால் கைவிடப்பட்டவருக்குக் காரணத்தை எழுத்தில் தராத சங்கம், நிர்வாகத்துக்கு வேலை மிச்சப்படுத்துகிறது.

இந்த வழிமுறைக்கு எல்லையும் உண்டு. திருமணமானால் வேலை போகும் என்ற விதி ஒருகாலத்தில் விமானப் பணிப்பெண்களுக்கு இருந்தது. 1960-களின் நடுவில் பிரானிஃப் நிறுவனப் பணிப்பெண் ஒருவர் முறையீட்டின் மூலமே அதை வென்று வேலைக்குத் திரும்பினார். ஆனால் அந்தத் தீர்ப்பு பிரானிஃபை மட்டுமே கட்டுப்படுத்தியது. யுனைடெட் நிறுவனத்தின் அதே விதி 1964-இன் குடிமை உரிமைகள் சட்டத்துக்கு முரணானது என்று 1971-இல் சொன்னது ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம்.