அப்பாவின் புல்லட்டுக்கு எந்த என்ஜின்?

அக்கா மகன் போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தான். "மாமா, அப்பா வண்டி சூளகிரி தாண்டி நின்னுடுச்சு. கிக்கரை மிதிச்சா இறங்கவே மாட்டேங்குது, கல்லு மாதிரி இருக்கு."

பிஸ்டன் பிடித்துவிட்டது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

1986 மாடல் புல்லட் 350. இன்னும் பழைய மூன்றெழுத்து நம்பர்தான். அக்கா வீட்டுக்காரர் ஓசூர் சிப்காட்டில் ஃபிட்டராக இருந்தபோது வாங்கியது. அவர் போய் மூன்று வருடம் ஆகிறது. தெருமுனையில் அந்த 'டப் டப்' கேட்டதுமே அக்கா அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டுவிடுவாள். இப்போது மகன் அதே வண்டியில் அதே சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிறான்.

வேன் வைத்து ஓசூருக்குக் கொண்டுவந்து மெக்கானிக்கிடம் காட்டினோம். அவர் இரண்டு வழி சொன்னார். "பிரிச்சு முழு வேலை பார்த்தா 40,000 கிட்ட ஆகும் சார், ஒரு மாசம் இழுக்கும். பெங்களூர்ல செட் என்ஜின் 25,000-க்குக் கிடைக்குது. சனிக்கிழமை கொண்டுவந்தா ஞாயித்துக்கிழமை மாட்டிடலாம்."

ஓசூர்க்காரர்களுக்கு இந்த இரண்டாவது வழி ரொம்பப் பழக்கம். ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அங்கிருந்து பெங்களூரு. புதுச் சாமானுக்கு ஜே.சி. ரோடு, பழைய சாமானுக்கு வேறு சந்துகள். பையன் பாதி மனசாகிவிட்டான். விலை குறைவு, ஒரே நாளில் வேலை முடியும். யாருக்குத்தான் ஆசை வராது?

நானும் கூடப் போனேன். கடையில் ஒரு தார்ப்பாயை விலக்கி, வரிசையாக வைத்திருந்த என்ஜின்களைக் காட்டினார்கள். வெளியே பாலிஷ் பளபளத்தது. செல்போன் லைட்டை அடித்து கிராங்க் கேஸில் நம்பரைப் பார்த்தேன். கடைசி மூன்று எண்கள் மட்டும் மற்றவற்றைவிட ஆழமாகவும் கொஞ்சம் சாய்ந்தும் இருந்தன. சுற்றிலும் அரம் போட்ட தடம். "இதுக்கு பேப்பர் இருக்கா?" என்று கேட்டேன். "என்ஜினுக்கு என்ன சார் பேப்பர்?" என்றார்கள். பையனைக் கூட்டிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

என்ஜினுக்குப் பேப்பர் உண்டு. உங்கள் ஆர்.சி.யில் சேஸிஸ் நம்பரும் என்ஜின் நம்பரும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. வேறு என்ஜினை மாட்டினால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் தெரிவித்துப் பதிவைத் திருத்த வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. அந்த என்ஜின் யாரிடமிருந்து, எந்த வண்டியிலிருந்து வந்தது என்று காட்ட பில் இல்லாவிட்டால் எதைக் காட்டித் திருத்துவீர்கள்? திருட்டு வண்டியிலிருந்து கழற்றியதாக இருந்தால், காவல் நிலையத்தில் பதில் சொல்ல வேண்டியவர் விற்ற கடைக்காரர் அல்ல, ஓட்டும் நீங்கள்தான். இது போக, அனுமதி இல்லாமல் வண்டியில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டும் சேர்த்தோ விதிக்கலாம் என்று 2019-ல் சட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள்.

பழைய வண்டிக்காரருக்கு இந்தச் சிக்கல் வராமல் போகாது. 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி.யைப் புதுப்பித்தே ஆக வேண்டும். அப்போது பிரேக் இன்ஸ்பெக்டர் குனிந்து பார்ப்பது அந்த நம்பர்களைத்தான். இன்ஷூரன்ஸ் கிளெய்ம் என்று போனாலும் அப்படியே.

சரி, அப்படியானால் எல்லாச் சாமானும் ஒரிஜினலாகவே இருக்க வேண்டுமா? இங்கேதான் பலர் குழம்பிப்போகிறார்கள். என்ஜின் என்பது ஒரே பொருள் அல்ல. நம்பர் குத்திய கிராங்க் கேஸ்தான் வண்டியின் அடையாளம். அதற்குள்ளே இருக்கும் பிஸ்டன், ரிங், வால்வு, புஷ், பேரிங் எல்லாம் தேய்வதற்கென்றே செய்தவை. 1986-ல் போட்ட பிஸ்டனோடு இன்றுவரை ஓடும் புல்லட் இருந்தால், அதை யாரும் சரியாக ஓட்டவில்லை என்றுதான் அர்த்தம்! வெளிக்கூடு அப்பாவுடையதாக இருக்கட்டும். உள்ளே போவது தரமான சாமானா என்று மட்டும் பாருங்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. ஆஃப்டர் மார்க்கெட் என்றாலே டூப்ளிகேட் என்று நினைக்கிறோம். அப்படியில்லை. வண்டிக் கம்பெனிகளுக்குச் சாமான் செய்து கொடுப்பவர்களே, தங்கள் சொந்தப் பெயர் போட்ட பெட்டியிலும் வெளியில் விற்பார்கள். சென்னை செம்பியத்தில் 1949-ல் தொடங்கிய இந்தியா பிஸ்டன்ஸ் போன்ற பெயர்கள் மெக்கானிக்குகளுக்கு அத்துபடி. டூப்ளிகேட் என்பது வேறு. அடுத்தவர் பெயரைத் தன் பெட்டியில் அச்சடித்து விற்பது. அதில் எழுத்து மங்கியிருக்கும், பார்ட் நம்பர் இருக்காது, பில் கேட்டால் கடைக்காரர் முகம் மாறும்.

வேலையை ஓசூரிலேயே செய்தோம். இந்த ஊருக்கு அதுதான் வசதி. 1980-ல் டி.வி.எஸ். 50 மொபெட் இங்கிருந்துதான் வெளிவந்தது. பெரிய ஆலைகளை நம்பிச் சிறு பட்டறைகள் எத்தனையோ முளைத்தன. மைக்ரோமீட்டரைக் கண்ணாடி போடாமலே படிக்கிற ஆட்கள் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். பழைய புல்லட் 350-ன் சிலிண்டர் வார்ப்பிரும்பு, போர் 70 மில்லிமீட்டர். கீறல் விழுந்தால் கொஞ்சம் பெரிதாக போரிங் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். அந்த எல்லையையும் தாண்டிவிட்டால் ஸ்லீவ் இறக்கிப் பழைய அளவுக்கே கொண்டுவந்துவிடலாம். இதற்காக முழு என்ஜினையே தூக்கிப் போடுவது, பல் வலிக்குத் தலையை மாற்றுகிற கதை.

லேத் பட்டறைப் பெரியவர் கேட்ட முதல் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. "பிஸ்டன் எதுக்குப் பிடிச்சுது, அதைப் பார்த்தீங்களா?" யாரும் பார்க்கவில்லை. பிரித்துப் பார்த்தால், ஆயில் பம்ப்பைச் சுற்றவைக்கும் வார்ம் தேய்ந்திருந்தது. உள்ளங்கையில் அடங்கும் சாமான். அதைக் கவனிக்காமல் புது பிஸ்டன் போட்டிருந்தால், அதுவும் ஒரு மாதத்தில் பிடித்திருக்கும்.

என்ஜின் மாற்றுவதே பாவம் என்று நான் சொல்லவில்லை. அதற்கும் ஓர் அழகான வரலாறு உண்டு. 1950-களில் இங்கிலாந்தில் 500 சிசி குட்டிக் கார் பந்தயம் பிரபலம். அதற்கு நார்ட்டன் மேங்க்ஸ் என்ஜின் வேண்டும், கம்பெனியோ என்ஜினைத் தனியாக விற்காது. எனவே முழு பைக்கையும் வாங்கி, என்ஜினைக் காருக்கு எடுத்துக்கொண்டு, சட்டத்தை விற்றுவிடுவார்கள். அந்தச் சட்டத்தில் இளைஞர்கள் ட்ரயம்ஃப் என்ஜினை மாட்டினார்கள். அதுதான் 'ட்ரைட்டன்'. இன்று அதுவே ஒரு கிளாசிக். அந்த நார்ட்டனை 2020-ல் 1.6 கோடி பவுண்டுக்கு வாங்கியது யார் தெரியுமா? நம் ஓசூர் டி.வி.எஸ்.தான்.

நம்மூரிலும் டீசல் புல்லட் ஓடியது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 325 சிசி கிரீவ்ஸ் லம்பார்டினி என்ஜினோடு 'டாரஸ்' என்று கம்பெனியே விற்றது. 6.5 குதிரைத்திறன்தான். மேட்டில் ஏறும்போது பின்னால் இருப்பவர் இறங்கிக்கொள்ளலாமா என்று யோசிப்பார். ஆஸ்திரேலியரான பால் கார்பெரி, இரண்டு புல்லட் சிலிண்டர்களை ஒரே கேஸில் சேர்த்து 1000 சிசி என்ஜினே செய்தார். பிறகு அதைச் சத்தீஸ்கரின் பிலாயில் வைத்துத் தயாரித்தார். ஆசைப்படலாம், தப்பில்லை. ஆனால் ஆர்.சி.யில் 350 என்று இருக்கும் வண்டியில் அதை மாட்டி நம் சாலையில் ஓட்ட முடியாது.

கிராங்க் கேஸே உடைந்துபோனால் வேறு வழியில்லை. அதே மாடல் என்ஜின், பில், பழைய வண்டியின் ஆர்.சி. நகல் எல்லாம் கையில் இருந்தால் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போய் முறையாகச் செய்யுங்கள். எஸ்டி வைத்திருப்பவர்களுக்குக் கதை வேறு. மைசூர் ஆலை 1996-லேயே மூடிவிட்டது, கிடைக்கிற சாமானைத் தேடிப்பிடிப்பதே பாதி வாழ்க்கை. தினமும் எலக்ட்ரானிக் சிட்டி வரை போய்வரப் புது என்ஜின்தான் வேண்டும் என்றால், புது வண்டி ஒன்று வாங்கிவிடுங்கள். பழைய சட்டத்தில் புது என்ஜினைத் திணித்தால் கிளட்ச், கியர், வயரிங் என்று செலவு மட்டும் நிற்காது.

பையனிடம் இன்னொன்றும் சொன்னேன். 2021-ல் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டி, அசல் வடிவத்திலேயே இருக்கும் வண்டியை 'விண்டேஜ்' என்று பதியலாம். இந்த வண்டிக்கு அந்த வயசு 2036-ல் வரும். "அப்போ எனக்கு நாப்பது வயசு ஆயிடும் மாமா" என்று சிரித்தான்.

வேலை முடிய ஐந்து வாரமானது. 38,000 ரூபாய் செலவு. முதல் 500 கிலோமீட்டர் விரட்டக் கூடாது என்று பெரியவர் சொல்லியிருந்ததால், பட்டறையிலிருந்து வீடுவரை மாட்டுவண்டி வேகத்தில் வந்தான். நான் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். தெருமுனையில் சத்தம் கேட்டது. அக்கா உள்ளேயிருந்து எட்டிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தோசைக்கல்லில் தண்ணீர் தெளிக்கும் 'சுர்' சத்தம் மட்டும் வந்தது.